162 ஆட்டங்களையும் பார்க்க வேண்டுமா?

கேள்வி: வேலை நிமித்தமாக சியாட்டிலில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 2025 அக்டோபரில் மாரினர்ஸ் அணி ஆடியதைப் பார்த்ததிலிருந்து என் பதினொரு வயது மகளுக்குப் பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. ஓர் ஆட்டம் விடாமல் பார்க்க வேண்டும் என்கிறாள். அணி தோற்றால் இரவு சாப்பிட மறுக்கிறாள். எனக்கோ கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாது. அவளோடு சேர்ந்து ஒரு சீசனை எப்படிப் பின்தொடர்வது?

பதில்: முதலில் சாப்பாட்டு விவகாரத்தை முடித்துவிடுவோம். 2001-ஆம் ஆண்டு மாரினர்ஸ் 116 ஆட்டங்களில் வென்று, 1906-இல் சிகாகோ கப்ஸ் படைத்த சாதனையைச் சமன் செய்தது. அந்த அணியே 46 முறை தோற்றது! தோல்விக்கு ஒரு வேளை பட்டினி என்றால், வரலாற்றுச் சாதனை படைத்த ஆண்டிலும் உங்கள் மகள் ஒன்றரை மாதம் இரவுச் சாப்பாட்டை இழந்திருப்பாள். இந்தக் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் சறுக்கும் இடம் இதுதான். எந்த ஆட்டமானாலும் உலகக் கோப்பை அரையிறுதி போல நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்போம். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் பார்த்தேன்; மே மாதத்திலேயே களைத்துவிட்டேன். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் இருக்கும்; ஓர் அணிக்கு மொத்தம் 162. டெஸ்ட் போட்டியில் உணவு இடைவேளைக்கு முந்தைய ஒரு பகுதி எவ்வளவோ, சீசனில் ஓர் ஆட்டம் அவ்வளவுதான்.

ஆட்டத்தை எண்ணாமல் தொடரை எண்ணுங்கள். ஒரே எதிரணியோடு பெரும்பாலும் மூன்று நாள் தொடர்ந்து ஆடுவார்கள். மூன்றில் இரண்டு வென்றால் அது நல்ல தொடர். அப்படியே சீசன் முழுக்கப் போனால் 108 வெற்றிகள் வரும். எந்த அணிக்கும் அது கனவுக் கணக்கு.

அடுத்து, ஒரு பிட்சரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பந்து எறிந்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர்கள் பொதுவாக ஐந்து பேர், முறைவைத்து எறிவார்கள். ஒருவரின் முறை ஐந்தாறு நாளுக்கு ஒருதரம் வரும். உங்கள் மகளின் ஆள் எறியும் நாளில் முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பாருங்கள். காயம் இல்லாவிட்டால் சீசனுக்கு முப்பது ஆட்டம் தேறும். மற்ற நாட்களில் காலையில் ஸ்கோர் பார்த்தால் போதும், அல்லது காய் நறுக்கிக்கொண்டே வானொலி வர்ணனையைக் கேளுங்கள். பேஸ்பால் அளவுக்கு வானொலிக்குப் பொருந்தும் விளையாட்டு வேறில்லை என்பது என் கட்சி. கிழக்குக் கரை நகரங்களில் இரவு ஏழு மணிக்கு நடக்கும் ஆட்டம் உங்களுக்கு மாலை நான்கு மணிக்கே தொடங்கிவிடும். பள்ளி விட்டு வந்தவுடன் கேட்க வசதி.

நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு ஸ்கோர் புத்தகம் வாங்குங்கள். களத்தில் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. சட்டையில் இருக்கும் எண் அல்ல. பிட்சர் 1, விக்கெட் கீப்பர் போல நிற்கும் கேட்சர் 2. ரன் எடுக்க ஓடுபவர் தொட்டுச் செல்லும் இடங்கள்தான் பேஸ்: முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5. இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட் ஸ்டாப் 6. வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. மட்டை பிடிக்கும் அணியின் ஒருவர் முதல் பேஸில் நிற்கிறார் என்று வையுங்கள். தரையோடு உருண்டுவரும் பந்தை ஷார்ட் ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸில் நிற்பவருக்கு வீச, அவர் திரும்பி முதல் பேஸுக்கு வீச, இருவர் அவுட். இத்தனை ஓட்டத்தையும் புத்தகத்தில் 6-4-3 என்று எழுதிவிடலாம். மூன்று முறை பந்தைத் தவறவிட்டு அவுட் ஆகும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில 'கே'. மட்டையைச் சுழற்றாமல் வேடிக்கை பார்த்தபடி அவுட் ஆனால் அதே எழுத்தை இடவலமாகத் திருப்பிப்போட்டு எழுதுவார்கள். அந்தத் திருப்பிப்போட்ட எழுத்தை எழுதுவதில் என் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குரூர மகிழ்ச்சி.

புள்ளிப்பட்டியலை ஜூன் வரை கண்டுகொள்ள வேண்டாம். பிறகு பார்க்கும்போது, 'எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறோம்' என்ற ஒரு கட்டமே முக்கியம். முதலிடத்து அணி 60-40, நீங்கள் 57-43 என்றால் மூன்று ஆட்டம் பின்னால். வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண் அது. அணிகள் இரண்டு லீகுகளாகவும், ஒவ்வொரு லீகும் மூன்று பிரிவுகளாகவும் பிரிந்திருக்கும். பிரிவில் முதலிடம் கிடைக்காவிட்டாலும் 'வைல்ட் கார்ட்' என்ற கூடுதல் வாய்ப்பு வழியாக ஒவ்வொரு லீகிலிருந்தும் மூன்று அணிகள் அக்டோபரில் நடக்கும் வெளியேற்றுச் சுற்று ஆட்டங்களுக்குப் போகும்.

செலவைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். இணையத்தில் சந்தா கட்டுமுன் உங்கள் பகுதிக்கு உள்ளூர் அணியின் ஆட்டங்கள் காட்டப்படுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் ஆட்டங்களையெல்லாம் காட்டிவிட்டு வீட்டருகே இருக்கும் அணியை மறைக்கும் சந்தாக்கள் உண்டு. மைதானத்துக்குப் போவதானால் ஏப்ரல், மே மாதங்களின் வாரநாள் டிக்கெட்டுகள் பொதுவாக மலிவு. மாரினர்ஸின் மைதானமான டி-மொபைல் பார்க்கின் கூரை குடைபோல மேலே மூடுமே தவிர பக்கவாட்டை அடைக்காது. மழையில் நனைய மாட்டீர்கள், குளிரில் நடுங்குவீர்கள். வறுத்த வெட்டுக்கிளி விற்கும் கடைகூட உள்ளே உண்டு. என் ஓட்டு புளியோதரைக்கே. வெளி உணவை அனுமதிக்கும் மைதானம் அது. பைகளுக்கான விதிமுறையை மட்டும் கிளம்புமுன் படித்துவிடுங்கள்.

ஒன்றை மகளிடம் மறைக்காதீர்கள். 1977-இல் தொடங்கிய இந்த அணி, சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடரான உலகத் தொடரில் 2025 வரை ஒருமுறைகூட ஆடியதில்லை. வேறு எந்த அணிக்கும் அந்த நிலை இல்லை. 2025-இல் மாரினர்ஸின் கேல் ராலி 60 ஹோம் ரன் (சிக்ஸர் போல வேலி தாண்டும் அடி) அடித்தார். உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில், டொரான்டோவுக்கு எதிரான கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டத்தில் 3-1 என முன்னிலையும் இருந்தது. ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதில் டொரான்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கரின் ஒரே அடியில் மூன்று ரன்கள். ஆட்டம் 4-3 என்று கைவிட்டுப் போனது. அன்று அவள் சாப்பிடாமல் படுத்திருந்தால் அது நியாயம்தான்.

பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் அரிசோனாவின் பியோரியாவில் பயிற்சிக்குக் கூடுவார்கள். அதற்குள் ஸ்கோர் புத்தகத்தை வாங்கிவிடுங்கள். பேனா வேண்டாம், பென்சில். கூடவே நல்ல அழிப்பான் ஒன்று.