மயக்க ஊசியும் அட்ரினல் சுரப்பியும்: வாசகர் கேள்வி பதில்

என் அப்பாவுக்கு 68 வயது. பைபாஸ் அறுவைசிகிச்சைக்கு முன் எட்டோமிடேட் ஊசி போடப்போவதாக மயக்க மருத்துவர் சொன்னார். அது அட்ரினல் சுரக்கும் கார்டிசோல் என்ற 'ஸ்ட்ரெஸ் ஹார்மோனை' அடக்கிவிடும் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?
– தஞ்சாவூர் வாசகி

அந்த ஊசியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஹார்மோன் அல்ல, ரத்த அழுத்தம். இதயத்தின் பம்ப் திறன் குறைந்தவருக்கு புரோபோஃபால் என்ற வேறொரு மயக்க ஊசியை முழு அளவில் வேகமாக ஏற்றினால் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் சரியும். ஏற்கெனவே அடைப்புள்ள கொரோனரிக் குழாய்களில் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். எட்டோமிடேட்டில் இந்தச் சரிவு மிகக் குறைவு. கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மி.கி. போதும், 60 கிலோ உள்ளவருக்கு 12 முதல் 18 மி.கி.

இதற்கு ஒரு விலை உண்டு. கார்டிசோல் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியை இந்த மருந்து தடுத்துவிடும். அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஹெச் என்ற ஹார்மோன் மூளையடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து எவ்வளவு வந்தாலும், அட்ரினலில் முந்தைய படிப்பொருளான 11-டீஆக்சிகார்டிசோல் தேங்குமே தவிர கார்டிசோல் தேவையான அளவுக்கு ஏறாது. தூக்கம் சில நிமிடங்களில் கலைந்துவிடும். இந்த முடக்கமோ ஒரே ஊசிக்கே 6 முதல் 8 மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரை நீடிக்கும். இதைச் சொட்டுமருந்தாகத் தொடர்ந்து செலுத்தும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. தீவிர சிகிச்சையில் அப்படிப் பெற்ற விபத்து நோயாளிகளிடம் இறப்பு கூடியதை கிளாஸ்கோ மருத்துவர்கள் 1983-ல் லான்செட் இதழில் எழுதிய பிறகு அது கைவிடப்பட்டது.

திட்டமிட்ட அறுவையில் ஒரே ஒரு ஊசியைப் பொறுத்தவரை, கார்டிசோல் குறைவது உறுதி. அதனாலேயே இறப்பு கூடுகிறது என்பது நிரூபணமாகவில்லை. எனவே பயம் வேண்டாம். ஆனால் இதய வால்வில் கிருமித்தொற்று போல உடல் முழுக்கத் தொற்று பரவியிருந்தால் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. எந்த ஊசி போடப்பட்டது என்ற குறிப்பு ஐசியூவுக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் அழுத்தம் ஏறாவிட்டால், முதலில் ரத்தக்கசிவு, இதய உறைக்குள் ரத்தம் தேங்குவது, பம்ப் பலவீனம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அவை இல்லையென்றால் கார்டிசோலை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்டிசோன் நினைவுக்கு வர வேண்டும். குறிப்பு இல்லையென்றால் வராது!

அப்படியானால் மற்ற மயக்க ஊசிகள் 'ஸ்ட்ரெஸ் ஹார்மோனை' நன்றாகக் கட்டுப்படுத்துமா?
– மதுரை வாசகர்

தூங்கவைக்கும் ஊசியின் வேலை சில நிமிடங்கள்தான். தொண்டையில் குழாய் செருகும்போது அட்ரினலின் பாய்வதைத் தணிப்பது பெரும்பாலும் ஃபென்டனில் என்ற வலிநீக்கி. அதன் உச்ச விளைவுக்கு 3 முதல் 5 நிமிடம் ஆகும். போட்டவுடன் அவசரப்பட்டுக் குழாயைச் செருகினால் நாடியும் அழுத்தமும் எகிறும். கெட்டமின் என்ற மயக்க ஊசி எதிர்த்திசை: அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் நாடித்துடிப்பைக் கூட்டும் என்பதால் கொரோனரி அடைப்பில் தயங்குவார்கள்.

உண்மையான ஹார்மோன் புயல் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்த பிறகுதான். உடலே சுரக்கும் நார்அட்ரினலினில் ஒரு பங்கை ரத்தத்திலிருந்து நீக்குவது நுரையீரல். அப்போது அதன் வழியே ஓட்டம் இல்லாததால் அந்த ஹார்மோன் ரத்தத்தில் கூடும். இயந்திரத்தில் நிரப்பிய திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் தொடக்கத்தில் கார்டிசோல் குறைவாகத் தெரியும், பிறகு ஏறி மறுநாளும் உயர்ந்தே நிற்கும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறும். 100 மி.லி. ரத்தத்தில் 180 மி.கி.-ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்குவார்கள். முன்பு கிலோவுக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் ஃபென்டனில் கொடுத்து இந்த ஹார்மோன் புயலை அடக்கப் பார்த்தார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதுவும் முழுதாக அடங்கவில்லை. நோயாளி மறுநாள் வரை வென்டிலேட்டரில் கிடந்ததுதான் மிச்சம்.

அம்மா மூட்டுவாதத்துக்குத் தினமும் பிரட்னிசோலோன் 10 மி.கி. சாப்பிடுகிறார். வால்வு மாற்று அறுவைக்கு முன் நிறுத்தலாமா?
– திருச்சி வாசகர்

நிறுத்தவே கூடாது. பிரட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் ஏற்கெனவே சோம்பிக் கிடக்கும். அதன்மேல் எட்டோமிடேட்டும் வேண்டாம். மயக்கம் கொடுக்கும்போது ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி., பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. சொட்டுமருந்தாகச் செலுத்துவது வழக்கமான முறை. மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை மாதமாக என்பதை எழுதி மயக்க மருத்துவரிடமே நேரில் கொடுங்கள்.