டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்றால் என்ன, எதை வாங்கலாம்?

இணையத்தில் வரும் படத்தை எச்டிஎம்ஐ துளை வழியாக டிவிக்குக் கொடுக்கும் குட்டிக் கணினிதான் ஸ்ட்ரீமிங் ஸ்டிக். ஸ்மார்ட் டிவி நாலைந்து வருடத்தில் திணறுவது திரையால் அல்ல. உள்ளிருக்கும் சிப்பும் மெமரியும் அப்படியே இருக்க, ஆப்கள் மட்டும் பெருத்துக்கொண்டே போவதால். கட்டில் உறுதியாக இருந்தால் மெத்தையை மட்டும் மாற்றுவோமே, அதே கதைதான்.

ஆனால் உங்கள் டிவியின் படத் தெளிவுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபுல் எச்டி டிவிக்கு, அதைவிடக் கூர்மையான படம் தரும் 4கே ஸ்டிக் போட்டாலும் படம் ஃபுல் எச்டியில்தான் தெரியும். நெட்பிளிக்ஸ் 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் இணைய வேகம் கேட்கிறது, ஃபுல் எச்டிக்கு 5 போதும். அப்புறம், மின்சாரத்துக்குக் கூடவே வரும் அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். டிவியின் யுஎஸ்பி 2.0 துளை வழக்கமாகத் தருவது 0.5 ஆம்பியர்தான், பாதிப் படத்தில் ஸ்டிக் அணைந்துவிடலாம்.

ஸ்டிக் வாங்கினால் ஓடிடி எல்லாம் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சந்தா தனி, இணையக் கட்டணமும் தனி.