எட்னாவின் சாம்பல் உரம் அல்ல, தம்பி

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். சிசிலியில், எட்னா எரிமலையின் கிழக்குச் சரிவில், ஜாரே நகருக்கு மேலே ஓர் எலுமிச்சைத் தோட்டத்தைக் குத்தகைக்குச் செய்கிறேன். 140 மரம், 9 ஆடு. போன கிழமை இரவு மலை உச்சியிலிருந்து நெருப்பு ஊற்றாகப் பாய்ந்தது. யன்னல்கள் விடியும்வரை அதிர்ந்தன. அப்புறம் கறுப்புக் கற்கள் மழையாகக் கொட்டி, தோட்டம் முழுக்க இரண்டு விரல் கனத்துக்கு மூடிவிட்டது. இலைகள் கிழிந்து, காய்களில் தழும்பு. "சாம்பல் நல்ல உரம், கொத்திப் புரட்டிவிடு" என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். மருந்துக் கடைக்காரர் இலைக்கு ஒரு சத்து மருந்தும் மண்ணுக்கு ஒரு தாது உரமும் பூச்சி வருமுன் அடிக்க ஒரு மருந்தும் எடுத்து வைத்திருக்கிறார். மரங்கள் தப்புமா? நெருப்புக் குழம்பு இங்கே வருமா என்று பிள்ளைகள் தூங்குவதில்லை.

பதில்: தம்பி, மரங்கள் தப்பும். இரண்டு விரல் கனத்துக்கு எலுமிச்சை சாகாது.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். உச்சியில் பாயும் குழம்பு பெரும்பாலும் வாலே தெல் போவே என்ற பெரும் பள்ளத்தில் விழுந்து அங்கேயே உறைந்துவிடும். மலையின் விலா கீழே எங்காவது பிளந்தால்தான் ஊர்களுக்கு ஆபத்து. 1928 நவம்பரில் அப்படிப் பிளந்து, உங்கள் பக்கத்து மஸ்காலி ஊரையே குழம்பு மூடியது. ஊர் போனாலும் சனங்கள் உயிரோடு வெளியேறினார்கள். கத்தானியாவில் இருக்கும் எரிமலைக் கண்காணிப்பகம் இரவும் பகலும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நகரசபை போ என்றால் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு உடனே புறப்படுங்கள்.

சரி, இனி நீங்கள் கேட்காத விஷயம். அந்தக் கற்கள் உங்கள் மரங்களுக்குச் செய்தது ஆலங்கட்டி மழை செய்யும் அதே வேலை. இலையிலும் இளங்கிளையிலும் ஆயிரம் சின்னக் காயங்கள். சிசிலி எலுமிச்சையை அழிக்கும் மால் செக்கோ என்ற பூஞ்சண நோய் இப்படியான காயங்கள் வழியாகத்தான் உள்ளே போகிறது. குளிர்கால ஈரத்தில் அதற்கு வாசல் திறந்தே கிடக்கும். உங்களுடையது ஃபெம்மினெல்லோ வகையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அது இந்த நோயைத் தாங்காது. மரத்தை உலுக்கித் தூளை உதிர்த்ததும், எலுமிச்சைக்கு அனுமதித்த செப்பு மருந்து ஒன்றை லேபிளில் சொன்ன அளவில் அடியுங்கள். கடைக்காரரிடம் வாங்க வேண்டியது அது ஒன்றுதான். உலுக்குவதைப் பனி விழாத காய்ந்த நேரத்தில் செய்யுங்கள், மூக்கையும் கண்ணையும் மூடிக்கொண்டு. பம்ப் வைத்துப் பீச்சிக் கழுவினால் தூள் இலையை அரம் போல அராவும்.

சாம்பல் உரம் என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு இதில் கோபமே உண்டு. நம் மொழியில் இதற்குச் சாம்பல் என்று பெயர் வைத்ததே பாதிப் பிழைக்குக் காரணம். சாம்பல் என்றதும் உங்கள் மனதில் வருவது அடுப்புச் சாம்பல், அம்மா கத்தரிச் செடிக்கும் பயற்றங்கொடிக்கும் தூவியது. அது விறகு எரிந்து வந்தது. பொட்டாசியம் உடனே கரைந்து கிடைக்கும், காரத்தன்மை உள்ளது. மலையிலிருந்து விழுந்தது எரிந்த பொருளே இல்லை. உருகிய பாறை சிதறி உறைந்த கண்ணாடியும் கல்லும் அது. மேலே படிந்திருப்பது கந்தக, குளோரின் அமிலம். முதல் மழையில் அந்த அமிலம்தான் இலையில் இறங்கும். செடிக்கு முதலில் வேண்டிய நைதரசன் அதில் கிடையாது. பொட்டாசியம் இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

"எட்னா மண் செழிப்பானது இல்லையா?" என்பீர்கள். செழிப்புத்தான். அந்தச் செழிப்பு எப்படி வந்தது? புதுக் குழம்பின் மேல் முதலில் பாசி போன்ற சாம்பல் நிற லைக்கன் பிடிக்கும். அப்புறம் சப்பாத்திக்கள்ளி, எட்னாவின் பெயரையே தாங்கிய மஞ்சள் பூச் செடி ஜெனிஸ்தா. ஜெனிஸ்தா அவரைக் குடும்பம், காற்றிலிருந்து நைதரசன் பிடிக்கும். இவை வளர்ந்து, உதிர்ந்து, மக்கி, தலைமுறைகள் கடந்த பிறகுதான் பாறை மண்ணாகிறது. 1669 இல் ஓடிய குழம்பு இன்னும் வெறும் பாறையாகக் கிடக்கும் இடங்கள் கத்தானியாப் பக்கம் இருக்கின்றன. பாறையை மண்ணாக்குவது மக்கும் பொருள். உங்கள் ஊரில் பனையோலையைத் தாழ்த்தியும், பூவரசங்குழை போட்டும், ஆட்டுப்பட்டி அடைத்தும்தானே சுண்ணக்கல் மேலிருந்த மெல்லிய செம்மண்ணில் புகையிலை விளைவித்தார்கள்? அதே கைவேலையை இங்கே செய்யுங்கள். ஆட்டெருவை மரத்தடியில் போடுங்கள். நோயில்லாத கவாத்துக் கிளைகளை நறுக்கிப் பரப்புங்கள். மழை தொடங்கும் காலத்தில் வரிசைகளுக்கிடையில் ஃபாவா அவரை விதைத்து, பூக்கும்போது மடக்கி விடுங்கள். சிசிலிக்காரர் காலங்காலமாகச் செய்துவந்த வேலை இது. இப்போது மூட்டை உரத்தை நம்பி விட்டுக்கொண்டு வருகிறார்கள்.

கொத்திப் புரட்டவும் வேண்டாம். எலுமிச்சையின் உணவு வேர் மேலாகத்தான் ஓடுகிறது, அறுந்துவிடும். பருமனான கற்களை அப்படியே விடுங்கள், மண்ணின் ஈரத்தைக் காக்கும் நல்ல மூடாக்கு அது. ஸ்பெயினின் லன்சரோத்தே தீவில் 1730 முதல் 1736 வரை எரிமலை கொட்டிய கறுப்புக் கல்லுக்குள் குழி தோண்டித்தான் இன்றும் திராட்சை வளர்க்கிறார்கள். அடிமரத்தை ஒட்டிக் குவிந்ததை மட்டும் விலக்குங்கள். மெல்லிய தூள் மழையில் இறுகி ஓடு கட்டிய இடத்தில் முள்வாரியால் கீறிவிட்டால் போதும்.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தாது உரம் எதற்கு? அரைத்த எரிமலைக் கல்லையும் தாது உரம் என்று மூட்டை கட்டி விற்கிறார்கள். உங்கள் கூரையில் இலவசமாகக் கிடப்பதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கிழிந்த இலைக்குச் சத்து மருந்தும் வீண். பூச்சி வருமுன் அடிக்கச் சொல்லும் மருந்து வீணை விட மோசம். தூசி, மரச்சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சியையும் சிலந்திப்பேனையும் கொல்வதில்லை, அவற்றைத் தின்னும் சிறு குளவிகளையும் பொறிவண்டுகளையும்தான் முடக்குகிறது. மிச்சமிருக்கும் குளவியையும் மருந்தடித்துக் கொன்றால் கோடையில் மரம் முழுக்கச் செதில்தான் இருக்கும். தெரியாமல் சொல்லலாம், லாபத்துக்காகவும் சொல்லலாம். எப்படியானாலும் அந்தப் போத்தலை வாங்காதீர்கள்.

ஆடுகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே, அதுதான் எனக்குக் கவலை. மெல்லிய தூளில் ஃபுளோரைட் ஒட்டியிருக்கலாம். ஐஸ்லாந்தில் 1783 இல் லாக்கி எரிமலை வெடித்தபோது புல்லில் படிந்த அந்த நஞ்சால் ஏறக்குறைய 80 சதவீதச் செம்மறிகள் செத்தன. எட்னாவில் அவ்வளவு வராது. ஆனால் பல் முளைக்கும் வயதுக் குட்டிக்குக் கொஞ்சமும் கெடுதல், கல் தூள் கலந்த புல் பெரிய ஆட்டின் பல்லையும் தேய்க்கும். நல்ல மழை இரண்டு பெய்து புல் கழுவப்படும்வரை கொட்டிலில் கட்டி, பழைய வைக்கோல் போடுங்கள். கூரைத் தண்ணீர் கொடுக்காதீர்கள். நனைந்த தூள் பாரம், கொட்டில் கூரையை மழைக்கு முன் கூட்டிவிடுங்கள்.

வசந்தத்தில் ஏதாவது நுனிக்கிளையில் இலை நரம்பு மஞ்சளாகி உதிரத் தொடங்கினால், அந்தக் கிளையைச் சீவிப் பாருங்கள். உள்ளே மரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அது மால் செக்கோவின் அடையாளம்; நிறம் மாறாத நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, வெட்டியதை அன்றே எரித்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள்.