கழிச்சல் கண்ட குதிரைக்குட்டிக்கு வெறும் குளுக்கோஸ் தண்ணீர் போதுமா?

கேள்வி: மாரண்டஹள்ளி பக்கம் எங்கள் தோட்டம். கல்யாண ஊர்வலத்துக்கு விடும் பெண்குதிரை குட்டி போட்டுப் பத்து நாள் ஆகிறது. குட்டிக்கு மூன்று நாளாகத் தண்ணீராகக் கழிச்சல். பால் குடித்தால் இன்னும் போகும் என்று தாயைத் தள்ளிக் கட்டிவிட்டு, குளுக்கோஸ் தண்ணீரைப் பாட்டிலில் புகட்டினோம். நேற்று ராத்திரி சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் விழுந்து காலை உதறியது. தலையில் அடிபட்டிருக்குமா? உப்புக் கரைத்து ஊற்றலாமா?

பதில்: எதையும் ஊற்றாதீர்கள். வலிப்பு வந்த குட்டிக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் வண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

தலையில் அடிபட்டிருக்கலாம், சர்க்கரை குறைந்திருக்கலாம், கிருமி ஏறியிருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் சோடியத்தின் மேல்தான், அதாவது இரத்தத்தில் உள்ள உப்புச் சத்து குறைந்திருக்கலாம். கழிச்சலில் தண்ணீரோடு உப்பும் போகிறது. நீங்கள் திருப்பிக் கொடுத்ததோ தண்ணீரும் சர்க்கரையும் மட்டும். சர்க்கரை செரித்துப் போனபின் உடம்பில் மிஞ்சுவது வெறும் தண்ணீர். இரத்தம் நீர்த்துப்போக, அந்தத் தண்ணீர் மூளைக்குள் இறங்கி அது வீங்குகிறது. சுவரில் முட்டுவதும் வலிப்பும் அதனால்தான் வரும். சோடியம் சாதாரணமாக லிட்டருக்கு 135-145 மில்லிமோல் இருக்கும். 120-க்குக் கீழே வந்தால் ஆபத்து. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

உப்புதானே குறைவு, அள்ளிக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். அதுவும் கெடுதல். குறைந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளை நரம்புகள் சேதமாகும். வலிப்பை நிறுத்த டாக்டர் முதலில் கொஞ்சம் வேகமாக ஏற்றலாம். அதற்குப் பிறகு நிதானம்தான், ஒரு நாளில் 10-12 மில்லிமோலுக்கு மேல் போக விடமாட்டார். ஆகவே டிரிப் ஏன் இத்தனை மெதுவாக இறங்குகிறது என்று அவரிடம் சண்டை பிடிக்காதீர்கள்.

குட்டி நன்றாக மூத்திரம் போகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். பிறந்த சில நாளில், முக்கியமாக ஆண்குட்டிக்கு, மூத்திரப்பை கிழிந்தாலும் சோடியம் இப்படியே இறங்கும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவதும் வயிறு உப்புவதும் அதன் அடையாளம். அப்படிக் கிழிந்திருந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும் என்பதால், பொட்டாசியம் கலந்த ஓ.ஆர்.எஸ். கூட ஆகாது.

பத்து நாள் வயதில் லேசான கழிச்சல் பல குட்டிகளுக்கு வரும். துள்ளி விளையாடிப் பால் குடித்தால் தானே நின்றுவிடும். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. இப்போது தாயின் மடியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் குட்டி தேறி வரும்போது பால் வற்றியிருக்கும். தாய்க்கும் கொள்ளும் கேழ்வரகுத் தாளும் மட்டும் என்றால் உப்பு போதாது. தினம் 20 கிராம் உப்பைத் தீவனத்தில் கலந்து, பக்கத்திலேயே தொட்டி நிறையத் தண்ணீர் வையுங்கள்.