நடுவில் காலியாக இருந்தால் முடியாத ஓவியமா?

கேள்வி: ஓவியர் ஒருவர் மேடை நாடகத்துக்காக வரைந்த அரங்க அமைப்புப் படம் என்னிடம் இருக்கிறது. நடுப்பகுதி வெறுமையாக இருக்கிறது, படத்தின் மீது பென்சில் கட்டங்கள் ஓடுகின்றன. பாதியில் விட்டதா? இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: பாதியில் விட்டதாகத் தோன்றவில்லை. அந்தக் காலி இடம் நடிகர்களுக்கானது. சுவரில் மாட்டும் ஓவியத்தில் நம் கண் போய் நிற்கிற இடத்தை ஓவியர் நிரப்புவார். மேடைக்கு வரையும்போது அதே இடத்தை விட்டுக்கொடுப்பார். அங்கே ஓர் ஆளை மனதில் நிறுத்திப் பாருங்கள், சுற்றியுள்ள நிறங்கள் ஏன் அப்படி என்று பிடிபடும்.

கட்டங்கள் படுதா தீட்டுகிறவர்களுக்காகப் போட்டவை. தாளில் ஒரு கட்டத்துக்குள் இருப்பதைத் துணியில் அதற்குரிய பெரிய கட்டத்துக்குள் அப்படியே ஏற்றுவார்கள். படத்துக்குச் சட்டம் போடுகிறவர் ஓரத்தை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளவும் நிறக் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். இருபுறமும் அடுக்கடுக்காகத் தெரியும் பட்டைகள் பக்கத் திரைகளாக இருக்கலாம். அவற்றை ஒரே பரப்பாகப் பார்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்குவதாக நினைத்துப் பாருங்கள்.

சரி, நடு இடம் நிரம்பியிருந்தால்? அது முன்திரையாக இருக்கலாம். 1917இல் பாரிஸில் அரங்கேறிய 'பரேட்' பாலேவுக்கு பிக்காசோ தீட்டிய முன்திரையில் கோமாளிகள், இறக்கை முளைத்த குதிரை, அதன் குட்டி என்று ஒரே கூட்டம். அகலம் மட்டும் 16 மீட்டருக்கு மேல். சாந்தமான அந்தத் திரை எழும்பியதும் உள்ளே, உருவங்களைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச பாணியில் கோணல்மாணலான உலகம். திரையை மட்டும் பார்த்தவருக்கு பிக்காசோ வைத்த அந்த அதிர்ச்சி தெரியாமலே போய்விடும்.

அதனால் எந்த நாடகம், எந்தக் காட்சி என்பதை முதலில் தேடிப் பிடியுங்கள். ஓவியரின் வழக்கமான பாணியை வைத்து மட்டும் அர்த்தம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. 1975இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் இசை நாடக விழாவில் 'தி ரேக்ஸ் புரோக்ரஸ்' ஓபராவுக்கு ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி அமைத்த அரங்கில் சுவர், நாற்காலி எல்லாமே குறுக்குக் கோடுகளால் நிரம்பியிருக்கும். வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடுவோம். அந்தக் கதை பிறந்ததே 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஓவியர் ஹோகார்த் வெளியிட்ட, உலோகத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சிட்ட படங்களிலிருந்து. அச்சின் கோடுகளையே ஹாக்னி மேடையில் ஏற்றிவிட்டார்.