பிராசசரின் வேகத்தைக் கூட்டலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இன்டெல் கோர் ஐ5-12600கே பிராசசரும் இசட்690 மதர்போர்டும் உள்ளன. திருமண வீடியோக்களை ரெண்டர் செய்ய (தொகுத்ததை இறுதிக் கோப்பாக மாற்ற) வெகுநேரம் ஆகிறது. பிராசசருக்குள் உள்ள வேகமான பெரிய கோர்கள் அனைத்தையும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டால் வேலை வேகமாக முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பிராசசருக்குப் பழுது வராமல் இதைச் செய்ய முடியுமா?
– வாசகர், வேலூர்

பதில்: முடியும். பெயரின் இறுதியில் உள்ள 'கே' என்ற எழுத்து, அந்தப் பிராசசரின் மல்டிப்ளையர், அதாவது வேகத்தைப் பெருக்கும் எண், பூட்டப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. அடிப்படைக் கடிகார வேகமான 100 மெகாஹெர்ட்ஸை 50 ஆல் பெருக்கினால் நீங்கள் கேட்கும் 5 கிகாஹெர்ட்ஸ் கிடைத்துவிடும். அதை மாற்ற அனுமதிக்கும் மதர்போர்டும் உங்களிடம் இருக்கிறது.

ஆனால் லாபத்தைக் கணக்கிட்டுக்கொண்டு இறங்குங்கள். 1998இல் வந்த செலரான் 300ஏ பிராசசரைப் பலர் 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்குக் கொண்டுசென்றார்கள். அது ஒன்றரை மடங்கு வேகம். இன்றைய பிராசசர்களில் தயாரிப்பாளரே பெரும்பகுதியைக் கறந்துவிடுகிறார். உங்களுடையது இலேசான வேலைகளில் தானாகவே 4.9 வரை ஏறும். எல்லாக் கோர்களும் உழைக்கும்போது மட்டும் அதைவிடக் கீழே நிற்கும். எனவே ஒரு மணி நேர ரெண்டரில் ஐந்தாறு நிமிடங்கள் மிச்சமானால் அதுவே அதிகம். உங்கள் மென்பொருளில் குயிக் சிங்க் (இன்டெல் பிராசசரிலேயே உள்ள வீடியோ வசதி) அல்லது கிராபிக்ஸ் கார்டு வழியாக ரெண்டர் செய்யும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதில் கிடைக்கும் ஆதாயத்தின் முன் இப்படி வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக் பக்கத்தில் நிற்காது.

அதன் பிறகும் செய்து பார்க்க விரும்பினால், கவனிக்க வேண்டியது வேகத்தைவிட வோல்டேஜைத்தான். பிராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்டில் ஓடும் பிராசசரை 5.0க்குக் கொண்டுசெல்ல 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 11 சதவீதம் கூடும்போது மின்செலவும் அதனால் எழும் வெப்பமும் ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். வெப்பத்துக்காவது காவல் உண்டு, 100 டிகிரியைத் தொட்டதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மிகையான வோல்டேஜ் அப்படித் தடுத்து நிறுத்தப்படுவதில்லை. அது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் அரிக்கும். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் பல, ஓவர்கிளாக் செய்யப்படாமலேயே தடுமாறியதற்கு மிகையான வோல்டேஜே காரணம் என்று கண்டறியப்பட்டு, இன்டெல் மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டதோடு வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. உங்களுடைய 12ஆம் தலைமுறைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் மூல வீடியோக்களை வேறொரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். மணமக்களை மீண்டும் மாலை மாற்றச் சொல்ல முடியாது. கணினியைத் துவக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பிப்பதாக இருந்தால் யுபிஎஸ் இணைப்பில் மட்டுமே செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே முடங்கிவிடலாம். 'கே' வகைப் பிராசசர்களுடன் கூலர் வருவதில்லை என்பதால், எதையாவது வாங்கி மாட்டியிருப்பீர்கள். அது சிறிய கூலராக இருந்தால் இந்த முயற்சியை இப்போதே விட்டுவிடலாம்.

எதையும் மாற்றாத நிலையில் பிராசசருக்கு முழுச் சுமை தரும் சினிபெஞ்சை அரை மணி நேரம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் தெரியும் வெப்பநிலையையும் வோல்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பயாஸில் மல்டிப்ளையரை 47 என்று வைத்து, வோல்டேஜை நீங்களே எண்ணாகக் கொடுங்கள்; 'ஆட்டோ'வில் விட்டால் மதர்போர்டு தேவைக்கு மேல் தாராளமாக அள்ளிக் கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு படியாக ஏற்றிச் சோதியுங்கள். கணினி நின்றுபோனால் 0.01 அல்லது 0.02 வோல்ட் மட்டும் கூட்டிப் பாருங்கள். 1.35 வோல்டையோ 85 டிகிரியையோ தொட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது என் கணக்கு, 4.8இலேயே அந்த எல்லை வந்துவிட்டால் உங்கள் பிராசசருக்கு 4.8தான் விதித்தது. சுமையில் வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோடு லைன் அமைப்பை அதன் உச்ச நிலையில் வைக்காதீர்கள். சுமை சட்டென்று இறங்கும் கணத்தில் வோல்டேஜ் எல்லை தாண்டித் துள்ளும். கணினி உயிர் பெறாமலே போனால் பதற வேண்டாம். மின் இணைப்பை எடுத்துவிட்டு, மதர்போர்டில் பயாஸ் அமைப்புகளை அழிப்பதற்கென்று உள்ள இரண்டு ஊசிகளைச் சில நொடிகள் இணைத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

நீலத்திரை வரவில்லை என்பதை மட்டும் வைத்துச் சோதனையில் தேறிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. பிரைம்95 என்ற சுமைச் சோதனை மென்பொருளை ஒரு மணி நேரமும், உங்கள் உண்மையான ரெண்டர் வேலையை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டபின், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். 'டபிள்யூஎச்இஏ-லாகர்' என்ற பெயரில் எச்சரிக்கைகள் பதிவாகியிருந்தால், பிராசசர் தவறு செய்து தானே திருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு படி கீழே இறங்குங்கள். கூலரால் பிராசசரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர முடியாது. அறை 10 டிகிரி சூடானால் பிராசசரும் ஏறக்குறைய அவ்வளவு சூடாகும். மார்கழி இரவில் 80 டிகிரியில் நின்ற அமைப்பு, வேலூரின் சித்திரை நண்பகலில் 90ஐத் தாண்டும் என்பதால், இறுதிச் சோதனையை மதிய நேரத்தில் ஏசி இல்லாமல் செய்யுங்கள்.

கேள்வி: ரைசன் 5 5600எக்ஸை எல்லாக் கோர்களுக்கும் 4.4 கிகாஹெர்ட்ஸ் என்று நிலையாக வைத்தேன். சில விளையாட்டுகள் முன்பைவிட மெதுவாக ஓடுகின்றனவே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்தப் பிராசசர் ஓரிரு கோர்கள் மட்டும் உழைக்கும்போது தானாக 4.6 வரை போகும். நீங்கள் நிலையான வேகம் கொடுத்ததும் அந்த வசதி அணைந்துவிட்டது. அதை நீக்கிவிட்டு, ஏஎம்டியின் தானியங்கி வேகக்கூட்டல் வசதியான பிபிஓவை இயக்கி, கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று தொடங்குங்கள். குறைந்த வோல்டேஜில் அதே வேகம் கிடைப்பதால் வெப்பம் தணியும், அந்த இடைவெளியைப் பிராசசரே வேகமாக மாற்றிக்கொள்ளும். மிகையாகக் குறைத்துவிட்டால் கடும் சுமையில் கணினி திடமாக நிற்கும், ஆனால் நீங்கள் பாட்டு கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்போது மறுதொடக்கம் ஆகும். ஏனெனில் உச்ச வேகத்தைக் கோர்கள் தொடுவது இலேசான வேலையில்தான். ஒவ்வொரு கோரையும் தனித்தனியே சோதிக்கும் கோர்சைக்ளர் இதற்கு ஏற்றது.

கேள்வி: ரேமை அதற்கென அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குவதும் ஓவர்கிளாக்தானா?
– வாசகர், திருச்சி

பதில்: ஆம், இன்டெலும் ஏஎம்டியும் அதை அப்படித்தான் கருதுகின்றன, வாரண்டி நிபந்தனைகளைப் படித்துவிட்டு இயக்குங்கள். 2023இல் சில ரைசன் 7000 வரிசைப் பிராசசர்கள் கருகியதைத் தொடர்ந்து, எக்ஸ்போவை இயக்கும்போது உயரக்கூடிய எஸ்ஓசி வோல்டேஜை (ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கானது) 1.3க்கு மேல் போகாமல் தடுக்கும் பயாஸ் வெளியிடப்பட்டது. அந்த வரிசைக்கான ஏஎம்5 மதர்போர்டு வைத்திருந்தால் உங்கள் பயாஸ் அதற்குப் பிந்தையதா என்று பார்த்துவிட்டு எக்ஸ்போவை இயக்குங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.