மைனஸ் எட்டு

அன்புள்ள ஐயா,

லினக்ஸ் டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்) ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தரவை வைத்திருக்கும் பஃபர் 4096 பைட்; அதில் எந்த இடத்திலிருந்து படிப்பது என்பதுதான் ஆஃப்செட். ‘ஆஃப்செட்டையும் கேட்ட அளவையும் கூட்டினால் 4096-ஐத் தாண்டுகிறதா? பிழை கொடு’ என்று ரீட் ஃபங்ஷனில் ஒரு வரி வைத்திருக்கிறேன். ஆஃப்செட் நெகட்டிவா என்று தனியாகவும் பார்க்கச் சொல்கிறார் என் சீனியர். அதை லினக்ஸின் மையமான கெர்னலே முன்னால் தடுத்துவிடுகிறதே, மறுபடி எதற்கு?

க.

அன்புள்ள க.,

உங்கள் சீனியர் சொல்வதுதான் சரி. ஆஃப்செட் -8, கேட்ட அளவு 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 8. உங்கள் வரி விட்டுவிடும். ஆனால் பஃபருக்கு எட்டு பைட் முன்னாலிருந்தே நகல் தொடங்கும். அங்கே இருப்பது வேறு யாருடைய தரவோ! ரீட் என்றால் கசிவு. ரைட் என்றால் பக்கத்து நினைவகமே கெட்டுவிடும்.

கெர்னல் தடுப்பது உண்மைதான். ஆஃப்செட் பிளஸ், மைனஸ் குறியுள்ள 64 பிட் எண். அது நெகட்டிவாக வந்தால் சாதாரணக் கோப்புகளுக்கு வாசலிலேயே பிழை கிடைக்கும். ஆனால் கெர்னல் நினைவகத்தையே கோப்புபோலக் காட்டிய, 2021-இல் நீக்கப்பட்ட டெவ்/கேமெம் போன்றவற்றில் ஆஃப்செட் என்பதே நினைவக முகவரி. 64 பிட் இன்டெல் கணினியில் கெர்னல் முகவரிகள் மேல் பாதியில் இருக்கின்றன. குறியுள்ள எண்ணாகப் படித்தால் எல்லாமே நெகட்டிவ். அதற்காகவே வாசல் காவலுக்கு விலக்கு தரும் கொடி (ஃபிளாக்) ஒன்று இருக்கிறது. அப்புறம், சாதனத்துக்குத் தனிக் கட்டளைகள் அனுப்பும் ஐஆக்டில் வழியாக நீங்களே வாங்கும் ஆஃப்செட் அந்த வாசலுக்கே போவதில்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது 32 பிட் முழு எண்ணை வைக்கும் இன்ட் மாறி. 2147483648 என்ற ஆஃப்செட் பாசிட்டிவ்தான், வாசலைத் தாண்டிவிடும். டிரைவருக்குள் அதை 32 பிட் இன்ட்டில் போட்டதும் -2147483648 ஆகிவிடுகிறது. இது வெறும் கற்பனை இல்லை. 64 பிட் ஆஃப்செட்டை 32 பிட்டுக்குச் சரியாக மாற்றாததால், சாதாரணப் பயனரே கெர்னல் நினைவகத்தின் பகுதிகளைப் படிக்க முடிந்தது. சிவிஇ-2004-0415 என்ற பாதுகாப்புக் குறைப் பதிவு அதைப் பற்றியதுதான். எனவே ஆஃப்செட்டைக் கடைசிவரை 64 பிட்டிலேயே வைத்திருங்கள்.

சோதனையின் வரிசையும் முக்கியம். முதலில் நெகட்டிவா என்று பாருங்கள். அடுத்து, 4096-ஐத் தொட்டுவிட்டதா? அப்படியென்றால் படிக்க இனி ஒன்றுமில்லை, பூஜ்யம் திருப்புங்கள். அதன் பிறகுதான் கழித்தல்: கேட்ட அளவு (4096 − ஆஃப்செட்)-ஐ விடப் பெரிதானால் அந்த மீதிக்குக் குறையுங்கள். முதல் சோதனையை விட்டுவிட்டால் -8-க்கு மீதி 4104 என்று வரும், பழைய ஓட்டை அப்படியே இருக்கும். கெர்னலில் உள்ள சிம்பிள்_ரீட்_ஃப்ரம்_பஃபர் என்ற ஃபங்ஷன் இதே வரிசையில்தான் போகிறது. முடிந்தால் அதையே கூப்பிடுங்கள்.

கேட்டது அதிகமானால் பிழை தருகிறீர்களே, அதையும் எடுத்துவிடுங்கள். கோப்பைப் படித்துத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளை ஒரே தடவையில் 4096-க்கு மேல் கேட்கும். இப்போதைய வரியோடு உங்கள் சாதனத்தை அதனால் படிக்கவே முடியாது.